கண் அசைவு ஆய்வுக்குக் கணினி வாங்குகிறீர்களா?

சேலத்தில் கடை ஏறியதும் பிராசசரைப் பற்றித்தான் பேசுவார்கள். நீங்கள் முதலில் மானிட்டரைக் கேளுங்கள். 60 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 60 முறை படம் மாறும் திரையில், ஒரு முறை மாற 16.7 மில்லி விநாடி. 144 ஹெர்ட்ஸில் 7-க்கும் கீழே. வாசிக்கும்போது கண் ஒரு சொல்லிலிருந்து அடுத்ததற்குத் தாவ சுமார் 30 மில்லி விநாடிதான். அந்தத் தாவலுக்குள் திரையில் சொல்லை மாற்ற வேண்டிய சோதனை என்றால், சாதாரண மானிட்டர் பெரும்பாலும் பிந்திவிடும். வெறும் படத்தைக் காட்டி எங்கே பார்க்கிறார்கள் என்று பதிவதற்கு 60 போதும், வீண் செலவு வேண்டாம்.

கண் அசைவைப் பதியும் கருவியை யூ.எஸ்.பி. ஹப்பில் செருகாமல் நேராகக் கணினியில் செருகுங்கள். அப்புறம், ஏற்காட்டுப் பள்ளிகளுக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் சார்ஜரில் போட்டே ஓட்டுங்கள். பேட்டரியில் பல லேப்டாப்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஜன்னலோர மேசையும் வேண்டாம், வெயிலில் உள்ள அகச்சிவப்புக் கதிர் கருவியைக் குழப்பும்.