உயிரியல் பூங்காவில் வந்தது, போனது, மாறியது: பிழையில்லாமல் பதிவு வைக்கும் முறை

ஒரு நகர உயிரியல் பூங்காவைத் தொடர்ந்து பார்த்து, எந்த விலங்கு புதிதாக வந்தது, எந்தக் கூண்டு மாறியது என்று எழுதி வைப்பது பயனுள்ள வேலை. பூங்காவின் ஆண்டறிக்கையில் எண்ணிக்கை மட்டுமே இருக்கும். எந்த விலங்கு எந்த அடைப்பிடத்தில் எப்போது இருந்தது, அந்த இடம் அப்போது எப்படி இருந்தது என்ற விவரம் பெரும்பாலும் பார்வையாளர்களின் குறிப்புகளில்தான் தங்குகிறது. ஆனால் அந்தக் குறிப்புகளைக் கெடுக்கும் பிழை ஒன்று உண்டு. கண்ணில் படாத விலங்கைப் “போய்விட்டது” என்று எழுதிவிடுவார்கள். “காணவில்லை” என்பது ஒரு செய்தி, “இல்லை” என்பது முற்றிலும் வேறு செய்தி. கீழே சொல்லும் முறை முழுவதும் இந்த இரண்டையும் பிரித்து வைப்பதற்காகத்தான்.

முதலில் இடத்துக்கு எண் கொடுங்கள்

“புலிக் கூண்டு”, “கரடி இருந்த இடம்” என்று எழுதினால் இரண்டே ஆண்டில் குழப்பம் வரும். புலி இடம் மாறிவிடும், கரடி இருந்த இடத்தில் கழுதைப்புலி இருக்கும். அதனால் விலங்கின் பெயரை வைத்து இடத்தைக் குறிக்காதீர்கள். நுழைவாயிலிலிருந்து பொதுவழியில் நடந்து போகும் வரிசையில் ஒவ்வொரு அடைப்பிடத்துக்கும் நீங்களே ஓர் எண் கொடுத்து, பூங்கா தரும் வரைபடத்தின் நகலில் குறித்துக்கொள்ளுங்கள். ஓர் அடைப்பிடம் இரண்டாகப் பிரிக்கப்பட்டால் 14அ, 14ஆ. இரண்டு ஒன்றானால் பழைய எண்கள் இரண்டையும் முடித்துவிட்டுப் புதிய எண் தாருங்கள். முடித்த எண்ணை மறுபடி யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

ஒவ்வொரு பதிவிலும் இருக்க வேண்டியவை: தேதி, நேரம், இட எண், இனத்தின் பொதுப்பெயரும் அறிவியல் பெயரும், எண்ணிக்கை, எப்படித் தெரிந்தது (நேரில் கண்டது, கூண்டின் பெயர்ப்பலகை, பணியாளர் சொன்னது, பூங்காவின் அறிவிப்பு), படத்தின் எண். இவற்றில் பலரும் விட்டுவிடுவது “எப்படித் தெரிந்தது” என்பதைத்தான். ஓராண்டு கழித்து இரண்டு பதிவுகள் முரண்பட்டால் எதை நம்புவது என்று சொல்லப்போவதும் அதுதான்.

பொதுப்பெயர் மட்டும் போதாது. “மலைப்பாம்பு” என்று எழுதினால் அது இந்திய மலைப்பாம்பா, பர்மிய மலைப்பாம்பா என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது. இவை 2009 முதல் தனித்தனி இனங்களாகக் கொள்ளப்படுகின்றன; பழைய பலகைகள் இரண்டையும் ஒரே பெயரில் சொல்லும். பக்கவாட்டில் கண்ணருகே ஒரு படம் எடுத்தால் தெரிந்துவிடும். இந்திய மலைப்பாம்பில் மேலுதட்டுச் செதில் ஒன்றிரண்டு கண்ணைத் தொடும். பர்மியத்தில் கண்ணுக்கும் உதட்டுச் செதில்களுக்கும் நடுவில் சிறு செதில்கள் ஒரு வரிசையாக இருக்கும்.

பெயர் மாற்றமும் விலங்கு மாற்றமும் ஒன்றல்ல என்பதையும் மனதில் வையுங்கள். 2017-ல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பூனைக் குடும்ப வல்லுநர் குழு புலியின் துணையினங்களை இரண்டாகக் குறைத்தது. 2025-ல் அதே ஒன்றியத்தின் வல்லுநர்கள் ஒட்டகச்சிவிங்கியை நான்கு இனங்களாக ஏற்றார்கள். இதையொட்டிப் பலகையில் புதுப் பெயர் வந்தால் “பெயர் திருத்தம், விலங்கு அதுவே” என்று எழுதுங்கள்.

எண்ணிக்கையை எழுதும் முறை

உலகெங்கும் பூங்காக்கள் பயன்படுத்தும் முறை மூன்று எண்கள், நடுவில் புள்ளி. முதல் எண் ஆண், இரண்டாவது பெண், மூன்றாவது பால் தெரியாதவை. 1.2.3 என்றால் ஓர் ஆண், இரண்டு பெண், பால் தெரியாத மூன்று. பெண் மட்டும் நான்கு என்றால் 0.4.0. பால் உறுதியாகத் தெரியாவிட்டால் தயங்காமல் மூன்றாவது இடத்தில் போடுங்கள். ஊகித்து எழுதும் பால் பின்னால் இல்லாத “வரவு”, “செலவு” இரண்டையும் உண்டாக்கிவிடும்.

இந்த இடத்தில் ஏமாற்றும் விலங்குகள் சில உண்டு, இவற்றைத் தனியாகத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

புள்ளிமான், கடமான் ஆண்கள் கிளைக்கொம்பை உதிர்த்துவிட்டு மறுபடி வளர்க்கும். வெப்பமண்டலத்தில் புள்ளிமான்கள் எல்லாம் ஒரே மாதத்தில் உதிர்ப்பதும் இல்லை. கொம்பில்லாத ஆணைப் பெண் என்று எண்ணினால் ஒரே வாரத்தில் 6.9.0 என்பது 4.11.0 ஆகிவிடும். கொம்பைப் பார்க்காமல் நெற்றியில் கொம்பு நிற்கும் மேட்டையும், கழுத்தின் தடிப்பையும், முகத்தின் கருமையையும் பாருங்கள். வெளிமானில் இதற்கு நேர்மாறு. அங்கே நிறம்தான் ஏமாற்றும், கொம்பு ஏமாற்றாது. இளம் ஆண் பெண்ணைப் போலவே மங்கிய பழுப்பாக இருக்கும். முறுக்கிய கொம்பு இருந்தால் ஆண். பெண்ணுக்குக் கொம்பு வருவது மிக அரிது.

ஹூலக் கிப்பன் என்னும் வாலில்லாக் குரங்கின் குட்டி பிறக்கும்போது வெளிர் நிறம், பிறகு ஆண் பெண் இரண்டும் கறுப்பாகும், பெண் மட்டும் வயதுக்கு வரும்போது மறுபடி பழுப்பாகும். ஆகவே கறுப்பாக இருந்த ஒன்று மறைந்து பழுப்பு நிறத்தில் ஒன்று “புதிதாக” தென்பட்டால், பெரும்பாலும் அது வளர்ந்துவிட்ட அதே பெண்தான். ஆண் மயில் இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் தோகையை உதிர்க்கும். நீலக் கழுத்து அப்படியே இருக்கும். எக்லெக்டஸ் கிளியில் பச்சை ஆண், சிவப்பு பெண். இவை இரண்டு இனம் என்று எழுதப்பட்ட குறிப்புகளும் உண்டு. மக்கா கிளிகளை வெளித்தோற்றத்தில் பால் பிரிக்கவே முடியாது, எப்போதும் மூன்றாவது எண்தான். கரியால் முதலையின் மூக்கு நுனிக் குமிழ் முதிர்ந்த ஆணுக்கு மட்டுமே வரும், ஆகவே குமிழ் இல்லாததெல்லாம் பெண் ஆகிவிடாது.

கூட்டமாக இருப்பவற்றை மூன்று முறை எண்ணுங்கள். ஒரே இடத்தில் நின்று ஒரே பார்வையில் எண்ணியதில் பெரிய எண்ணை எடுத்துக்கொண்டு “குறைந்தது 32” என்று எழுதுங்கள். இரண்டு பார்வை மேடைகளில் எண்ணியதைக் கூட்டாதீர்கள்; நீங்கள் நடந்து போவதற்குள் மான் உங்களுக்கு முன்னால் அங்கே போயிருக்கும்.

தனி விலங்கை அடையாளம் காணப் புலிக்கு வரி, சிறுத்தைக்குப் புள்ளிக்கொத்து, ஒட்டகச்சிவிங்கிக்குத் திட்டு, யானைக்குக் காது விளிம்பின் கிழிசலும் தந்தத்தின் முறிவும். புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் ஒன்றல்ல. இரண்டு பக்கமும் படம் இருக்க வேண்டும், ஒப்பிடும்போது இடப்பக்கத்தை இடப்பக்கத்தோடு மட்டும் ஒப்பிட வேண்டும். பறவையின் கால் வளையத்தை எந்தக் கால், மேலிருந்து கீழாக என்ன நிறம் என்ற வரிசையில் எழுதுங்கள்.

கண்ணில் படாதபோது

காணாததற்குக் காரணங்கள் பல, பெரும்பாலானவற்றில் விலங்கு பூங்காவிலேயேதான் இருக்கும்.

புதிதாக வந்த விலங்கு பொதுவாகக் குறைந்தது 30 நாள் தனிமைப்படுத்தப்படும். அதனால் “வந்துவிட்டது” என்ற அறிவிப்புக்கும் காட்சிக்கு விடுவதற்கும் நடுவே ஒரு மாதத்துக்கு மேல் இடைவெளி இருப்பது இயல்பு. குட்டி ஈன்ற புலியும் சிங்கமும் இரண்டு மூன்று மாதம் உள்ளறையிலேயே இருக்கலாம். மதம் பிடித்த ஆண் யானையை வாரக்கணக்கில் தனியே வைப்பார்கள். தோலுரிக்கப் போகும் பாம்பின் கண் பால் படிந்தது போல் மங்கும், அந்த நாட்களில் அது மறைவிடத்தை விட்டு வராது. பறவைக் காய்ச்சல் எச்சரிக்கை இருந்தால் பறவைப் பகுதி முழுவதையும் மூடுவார்கள். இவை தவிர, முறை வைத்து விடுவதும் உண்டு: ஒத்துப்போகாத இரண்டு ஆண்களில் ஒன்றைக் காலையிலும் மற்றதை மாலையிலும் வெளியே விடுவார்கள். காலையில் மட்டும் போய்வருபவரின் குறிப்பில் இரண்டாவது விலங்கு பிறக்கவே பிறக்காது.

ஆகவே நேரத்தை மாற்றிப் பாருங்கள். திறந்தவுடன் ஒரு மணி நேரமும், மூடுவதற்கு முந்தைய ஒரு மணி நேரமும் சிறந்தவை. நண்பகலில் கண்ட வெற்று அடைப்பிடத்தை ஆதாரமாகவே கொள்ள வேண்டாம். இரவு விலங்குகள் இருக்கும் கட்டடத்தில் கண் இருட்டுக்குப் பழக 10 நிமிடமாவது நின்று, அதன்பிறகு முதல் கூண்டிலிருந்து பாருங்கள்.

நிலையை நான்கு சொற்களில் எழுதுவது போதும்: “கண்டது”, “காணவில்லை”, “போயிருக்கலாம்”, “போனது உறுதி”. வெவ்வேறு நேரங்களில் மூன்று முறை பார்த்தும் காணாமல், பலகையும் எடுக்கப்பட்டிருந்தாலோ வேறு இனம் உள்ளே வந்திருந்தாலோதான் “போயிருக்கலாம்”. பூங்காவின் அறிவிப்போ, ஆண்டுக் கணக்கோ, விலங்கைப் பெற்றுக்கொண்ட பூங்காவின் செய்தியோ கிடைத்தால் மட்டும் “உறுதி”. இறந்துவிட்டது என்று யாரோ சொன்னதை உறுதிப்படாமல் எழுதவே வேண்டாம். பணியாளரிடம் கேட்டால், கூண்டுக் கதவு திறந்திருக்கும்போதோ தீனி போடும்போதோ கேட்காதீர்கள். அவர் கவனம் ஒரு நொடி சிதறினாலும் ஆபத்து. சொன்னவர் பெயரைப் பதிவில் எழுதவும் தேவையில்லை, “பணியாளர் கூற்று” போதும்.

பலகையை நம்பும்போது ஒரு கணக்கு வையுங்கள். விலங்கு போன பிறகும் பலகை மாதக்கணக்கில் நிற்கும். விலங்கு வந்த பிறகும் பலகை வராமல் இருக்கும். திருகு துளை புதிதாக இருக்கிறதா, பழைய பலகையின் வெளிறிய தடம் சுவரில் தெரிகிறதா என்பதையும் ஒரு பார்வை பாருங்கள்.

அடைப்பிடத்தின் மாற்றங்கள்

இதில்தான் பார்வையாளர் குறிப்புகள் மிகவும் வறண்டிருக்கின்றன. “புதுப்பித்துள்ளார்கள்” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எழுத வேண்டியவை இவை: தடுப்பு எது (கம்பி, பின்னல் வலை, துருப்பிடிக்காத எஃகுக் கயிற்று வலை, கண்ணாடி, உலர் அகழி, நீர் அகழி), மேலே மூடியிருக்கிறதா, தரை மண்ணா கான்கிரீட்டா, நிழல் எத்தனை இடத்தில், நீர்த்தொட்டி, ஏறும் மேடைகள், விலங்கு பார்வையாளரிடமிருந்து மறைந்துகொள்ள இடம் உண்டா, பார்வை இடங்கள் எத்தனை. கடைசி இரண்டையும் சேர்த்துப் படித்தால் விலங்கு ஏன் வெளியே வருவதில்லை என்பதற்குப் பல சமயம் விடை கிடைக்கும்.

அளக்க வேண்டுமென்றால் வேலியில் சாயாதீர்கள். வீட்டில் 10 மீட்டர் அளந்து அதைப் பலமுறை இயல்பாக நடந்து, உங்கள் காலடியின் சராசரி நீளத்தைக் கண்டுகொள்ளுங்கள். பூங்காவில் வேலியோரப் பாதையில் காலடியை எண்ணினால் போதும். திறந்தவெளி அடைப்பிடத்துக்குச் செயற்கைக்கோள் வரைபடத்தின் அளவுகோல் இன்னும் நல்லது. படம் எடுத்த ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள், மரக்கிளை மறைத்த பகுதியைக் கணக்கில் சேர்த்தீர்களா என்றும் எழுதுங்கள். எல்லா அளவுக்கும் முன்னால் “ஏறத்தாழ” கட்டாயம்.

வரப்போகும் மாற்றத்தை அடைப்பிடமே சொல்லும் இடங்களும் உண்டு. வேலி முழுக்கத் துணியோ நிழல்வலையோ கட்டியிருந்தால், மான் போன்ற குளம்பு விலங்கு புதிதாக வந்திருக்கலாம். மிரண்டு ஓடி வலையில் மோதாமல் இருக்க எல்லையைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்கிறார்கள், பழகப் பழக அகற்றுவார்கள். இரண்டு அடைப்பிடங்களுக்கு நடுவிலிருந்த சுவரில் ஒரு பகுதி வலையாக மாறியிருந்தால், இரண்டு விலங்குகளை ஒன்றையொன்று பார்க்கவும் முகரவும் விட்டுப் பழக்குகிறார்கள் என்று கொள்ளலாம். வலையின் கண் சிறிதாகியிருந்தால் சிறிய இனம் வரலாம், அல்லது எலியும் காகமும் தீனிக்கு வருவதைத் தடுக்கவும் இருக்கலாம். இரண்டையும் எழுதி வையுங்கள். பழைய பூங்காக்களில் கம்பிக் கூண்டையும் அகழியையும் அருகருகே பார்க்கும்போது கட்டிய காலத்தை அகழியை வைத்து மதிப்பிடத் தோன்றும். ஜெர்மானிய விலங்கு வணிகர் கார்ல் ஹாகன்பெக் ஹாம்பர்க்கில் அகழி முறையோடு பூங்காவைத் திறந்தது 1907-ல். ஆகவே அகழி இருப்பதாலேயே அது அண்மைக்காலக் கட்டுமானம் என்று முடிவுசெய்ய முடியாது.

படத்துக்கு: கேமராவின் கடிகாரம் சரியா என்று முதலில் பாருங்கள். ஒவ்வோர் இடத்திலும் முதல் படம் பலகை, அடுத்தது முழு அடைப்பிடம், பிறகு விலங்கு. ஃபிளாஷ் வேண்டாம். கண்ணாடியில் லென்ஸை ஒட்டினாற்போல் வைத்தால் எதிரொளி போய்விடும். வலையாக இருந்தால், பாதுகாப்பு வேலிக்கு வெளியே நின்றபடியே எஃப்/4 அல்லது அதைவிட அகலமான லென்ஸ் துளையில், விலங்கு வலையிலிருந்து தள்ளி இருக்கும்போது எடுங்கள். வலை மங்கி மறையும்.

ஆண்டுக் கணக்கோடு ஒப்பிடுதல்

பூங்கா வெளியிடும் இருப்புப் பட்டியல் டிசம்பர் 31-க்கோ மார்ச் 31-க்கோ முடியும். எது என்று பார்த்து உங்கள் பதிவை அதே நாளில் வெட்டுங்கள். கணக்கு எளிது: தொடக்க இருப்பு, கூட்டல் பிறப்பு, கூட்டல் வரவு, கழித்தல் இறப்பு, கழித்தல் வெளியேற்றம். ஓர் எடுத்துக்காட்டு: 3.5.0 உடன் தொடங்கி, பிறப்பு 0.0.2, வரவு 1.0.0, இறப்பு 0.1.0, வெளியேற்றம் 1.0.0 என்றால் முடிவில் 3.4.2, மொத்தம் 9. அடுத்த ஆண்டு அதே பட்டியல் 4.5.0 என்று சொன்னால் புதிதாக எதுவும் வரவில்லை. பால் தெரியாத இரண்டு குட்டிகளின் பால் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். முதலில் மொத்தத்தைப் பாருங்கள், பிறகு மூன்று எண்களையும்.

கணக்கு ஒத்துவராவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கடன் விலங்குகளை. இனப்பெருக்கத்துக்காக ஒரு பூங்கா மற்றொன்றுக்குக் கடனாகக் கொடுத்த விலங்கு கொடுத்தவரின் ஏட்டில் உரிமையாகவும், பெற்றவரின் இடத்தில் உடலாகவும் இருக்கும். பூங்காக்களுக்கிடையே நடக்கும் பல இடமாற்றங்கள் ஒருங்கிணைந்த இனப்பெருக்கத் திட்டங்களின் பரிந்துரைப்படி நடப்பவை. வட அமெரிக்காவில் 1981-லும் ஐரோப்பாவில் 1985-லும் இவை தொடங்கின. ஆகவே ஓரிடத்தில் “போயிருக்கலாம்” என்று நிற்கும் பதிவுக்கு விடை, அதே இனத்தை வைத்திருக்கும் இன்னொரு பூங்காவின் வரவுச் செய்தியில் இருக்கும். வயதுக்கு வரும் இளம் ஆண்களை இப்படித் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

பிழை தெரிந்தால் பழைய பதிவை அழிக்காதீர்கள். அதன்மேல் ஒரு கோடு போட்டு, திருத்திய தேதியையும் எந்த ஆதாரத்தால் திருத்தினீர்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.