சருகுக் கூன்வண்டு புதிய சிற்றினமா? சலிப்பதிலிருந்து பெயர் சூட்டுவது வரை

காட்டுத் தரைச் சருகில் எள்ளளவே இருக்கும் கூன்வண்டுகளைப் பிரித்தறிவது கடினம் என்று பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். முறை தெரிந்தால் முடியும். இங்கே ட்ரைகோனாப்டெரஸ் பேரினத்தை வைத்து விளக்குகிறேன். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவிலிருந்து 1885இல் விவரிக்கப்பட்ட ஒரே ஒரு சிற்றினம்தான் நெடுங்காலம் பதிவில் இருந்தது. 2019இல் அலெக்சாண்டர் ரீடலும் ரடென் பிரமேசா நரகுசுமோவும் அங்கிருந்து 103 புதிய சிற்றினங்களை ஒரே கட்டுரையில் விவரித்தார்கள். இவற்றுக்குப் பறக்கத் தெரியாது. அதனால் ஒரு மலையில் இருப்பது அடுத்த மலையில் இருப்பதில்லை. பெரும்பாலானவை 2 முதல் 3 மில்லிமீட்டர்தான்.

முதலில் அனுமதி. எந்த நாடானாலும் காட்டுக்குள் போகும் முன்பே வாங்கிவிடுங்கள். இந்தியாவில் வனத்துறை அனுமதி மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். மாதிரிகளை வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் 2002ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டத்தையும் பார்க்க வேண்டும்.

சேகரிப்பு

ஈரமான சருகை அள்ளிப் பெரிய கண் சல்லடையில் சலியுங்கள். கீழே விழும் தூளை வெள்ளைத் துணியில் பரப்பிவிட்டுப் பொறுமையாகக் காத்திருங்கள். தொட்டால் இவை கால்களை மடக்கிச் செத்ததுபோல் கிடக்கும். சில நிமிடம் கழித்துத்தான் நகரும். நேரமில்லாவிட்டால் விங்க்ளர் பையில் (அடியில் குப்பி கட்டிய துணிப் பை) போட்டு நிழலில் தொங்கவிடுங்கள். சருகு உலர உலர, பூச்சிகள் நகர்ந்து கீழேயுள்ள ஆல்கஹால் குப்பிக்குள் விழும். மின்சாரம் வேண்டாம், விளக்குச் சூடும் வேண்டாம். களப்பணிக்கு இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை.

ஆல்கஹால் 96 சதவீத எத்தனாலாக இருக்கட்டும். ஃபார்மலின் பக்கமே போகாதீர்கள், டிஎன்ஏ கெட்டுவிடும்.

பேரினம் வரை

மூக்கு நீளம், முழங்கைபோல் மடங்கும் உணர்கொம்பு, அதன் நுனியில் குமிழ்: கூன்வண்டு என்பது இதிலேயே தெரிந்துவிடும். அப்புறம் வயிற்றுப்புறம் திருப்பி, மூக்கு மடங்கி உட்காரும் பள்ளம் மார்பில் எதுவரை போகிறது என்று பாருங்கள். தொடைகளில் பல் உண்டா, மேலிறக்கையில் புள்ளி வரிசைகள் ஆழமா, செதில்கள் எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஆண் உறுப்பு

மேலே சொன்ன அடையாளங்களை மட்டும் நம்பினால் மூன்று சிற்றினங்கள் ஒன்றாகத் தெரியும். ஆணின் புணருறுப்பைப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் டிஎன்ஏ. வண்டை நசுக்காமல், முழு உடலையும் புரோட்டினேஸ் கே என்ற, புரதத்தைச் சிதைக்கும் நொதியின் கரைசலில் ஊறவைத்தே எடுக்கலாம். தசை அதிலேயே கரைந்துவிடுவதால் அடுத்த வேலையும் எளிதாகிறது. இன்னும் தசை மிச்சமிருந்தால் மட்டும் 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் வையுங்கள். அடிக்கடி எட்டிப் பாருங்கள். அதிக நேரம் விட்டால் மென்மையான உள்பாகங்கள் நிறமிழந்து ஒன்றும் தெரியாமல் போகும். பிறகு தண்ணீரில் கழுவி, நுனி கூர்மையான இடுக்கியால் வயிற்றின் பின்முனை வழியாக உறுப்பை மெல்ல இழுங்கள். டூமாண்ட் 5ஆம் எண் இடுக்கிக்குச் செலவழிப்பது வீணல்ல. கேமராவுக்கான பணத்தை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

சிக்கல் இனிமேல்தான். உறுப்பு சற்றே சாய்ந்து கிடந்தாலும் அதன் நுனி வேறு வடிவமாகத் தெரியும். சாய்ந்து கிடப்பதை வரைந்துவிட்டு, இது ஏற்கெனவே விவரிக்கப்பட்ட சிற்றினத்திலிருந்து வேறுபடுகிறது என்று எழுதினால் அது வண்டின் வேறுபாடல்ல, கோணத்தின் வேறுபாடு. ஒரு துளி கைகழுவும் ஆல்கஹால் ஜெல்லில் அமிழ்த்திவிடுங்கள். வைத்த நிலையிலேயே நிற்கும். இரு ஓரங்களும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்த பிறகே மேற்புறப் படம். பிறகு அதையே பக்கவாட்டில் திருப்பி இன்னொரு படம். குறைந்தது இரண்டு மூன்று ஆண்களில் இதைச் செய்தால்தான் எது தனிநபர் மாறுபாடு, எது சிற்றின அடையாளம் என்று சொல்ல முடியும். வேலை முடிந்ததும் ஜெல்லைக் கழுவி, உறுப்பைக் கிளிசரின் சிறுகுப்பியிலிட்டு, அந்த வண்டின் குண்டூசியிலேயே குத்திவிடுங்கள்.

சிற்றினங்களைப் பிரித்தறியப் பயன்படும் காக்ஸ் 1 மரபணுவின் 658 எழுத்து டிஎன்ஏ வரிசை உருவத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் எந்த முடிவும் எடுக்காமல் மாதிரி எண்களைச் சரிபாருங்கள். வண்டு, உறுப்பு, டிஎன்ஏ மூன்றுக்கும் ஒரே எண் இருக்க வேண்டும்.

விவரிப்பும் பெயரும்

நீண்ட வருணனையைவிட, நெருங்கிய சிற்றினத்திலிருந்து எதில் வேறுபடுகிறது என்ற நான்கு வரியே பிறருக்கு உதவும். அதில் நேரம் செலவிடுங்கள். உடல் நீளத்தை எங்கிருந்து எங்குவரை அளந்தீர்கள் என்றும் சொல்லுங்கள். மூக்கைச் சேர்த்தால் எண்ணே மாறிவிடும்.

பெயர் செல்லுபடியாக, அது புதிய சிற்றினம் என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டு, ஹோலோடைப் (அந்தப் பெயருக்கு ஆதாரமான ஒற்றை மாதிரி) ஒன்றைத் தேர்ந்து, அது எந்த அருங்காட்சியகத்தில் இருக்கும் என்றும் எழுத வேண்டும். 2012 முதல் மின்னிதழ் வெளியீடும் ஏற்கப்படுகிறது. ஆனால் வெளியீட்டுக்கு முன்பே விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான சூபேங்கில் பதிந்து, அந்தப் பதிவு விவரம் கட்டுரையிலேயே இருக்க வேண்டும்.

பின்சேர்க்கை: பெண் மட்டும் கிடைத்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். டிஎன்ஏ வரிசையை எடுத்து வையுங்கள், பெயர் சூட்டாதீர்கள். ஆண் கிடைக்கும்போது அந்த வரிசையே இரண்டையும் இணைத்துவிடும். இன்னொன்று: ஆல்கஹால் குப்பிக்குள் போடும் சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். சாதாரண பேனா மை கரைந்துவிடும், இடம் தெரியாத வண்டை யாராலும் பயன்படுத்த முடியாது.