வளர்ற பிள்ளைக்குச் சட்டை பெரிதாக எடுக்கலாம், டர்ட் பைக் எடுக்கலாமா?

தீபாவளிக்குத் துணி எடுக்கும்போது எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் ஒரு பேச்சு வரும்: "வளர்ற பிள்ளை, கொஞ்சம் பெரிசாவே எடுங்க." தையல்காரரும் கால்சட்டையின் கீழே இரண்டு அங்குலம் உள்ளே மடித்துத் தைப்பார். அடுத்த வருஷம் பிரித்துவிட்டால் ஆயிற்று.

இதே கணக்கை, மண் தரையில் ஓட்டுகிற மோட்டார் சைக்கிளான டர்ட் பைக்குக்கும் போட்டார் என் மச்சான். சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்தவர், ஆறு வயது மகனுக்குப் பத்து வயதுப் பையன் ஓட்டுகிற வண்டியை வாங்கிவிட்டார். பட்டுக்கோட்டைப் பக்கம் அவர்கள் தோப்பில்தான் முதல் சவாரி. ஏறி உட்கார்ந்தான், கால் எட்டவில்லை. இடது பெருவிரல் மண்ணைத் தொட்டால் வலது கால் அந்தரத்தில் ஆடியது. இன்ஜினைக்கூட ஸ்டார்ட் செய்யவில்லை, நின்ற இடத்திலேயே சாய்ந்து வண்டி அவன் கணுக்காலில் விழுந்தது. நல்லவேளை, எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எட்டு மாதம் அவன் அந்தப் பக்கமே போகவில்லை. வண்டி மாட்டுக்கொட்டகையில் சாக்கு போர்த்திக் கிடந்தது.

வயதைக் கேட்டு வண்டி வாங்கக் கூடாது, காலைப் பார்த்து வாங்க வேண்டும். பிள்ளை சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படிய வேண்டும், முழங்கால் லேசாக மடிந்திருக்க வேண்டும். ஒரு அளவுக்குச் சொல்கிறேன்: 1980களின் தொடக்கத்திலிருந்து வருகிற யமஹா பிடபிள்யூ 50, சிறு பிள்ளைகளுக்கென்றே செய்த வண்டி. அதன் சீட் உயரம் 475 மில்லிமீட்டர், எடை 40 கிலோவை ஒட்டி. ஹோண்டா சிஆர்எஃப் 50 அதைவிட மூன்று அங்குலம் உயரம், எடையும் 50 கிலோ வரும். இரண்டிலும் கிளட்ச் பிடிக்கிற வேலை இல்லை. ஆனால் யமஹாவில் கியரும் கிடையாது, இரண்டு பிரேக்கும் சைக்கிள் மாதிரி கையிலேயே இருக்கும். ஹோண்டாவில் காலால் மூன்று கியர் மாற்ற வேண்டும், பின் பிரேக்கும் காலில்தான். ஐந்து வயதுப் பிள்ளை 17, 18 கிலோ இருக்கும். அது எந்த வண்டியைச் சமாளிக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இவை பக்கத்து டவுன் ஷோரூமில் நிற்கிற வண்டிகள் இல்லைதான். எதை வாங்கப் போனாலும் இந்த அளவுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சைக்கிளே ஓட்டத் தெரியாத பிள்ளைக்கு மோட்டார் வண்டி வாங்குவது அடுத்த தவறு. பக்கவாட்டில் இரண்டு குட்டிச் சக்கரம் மாட்டிக்கொள்ளலாம் என்பார்கள். சிமெண்ட் தரையில் சரி, மேடுபள்ள மண்ணில் அந்தச் சக்கரம்தான் வண்டியைக் கவிழ்க்கும். சின்ன சைக்கிளின் பெடலைக் கழற்றிவிட்டு, காலால் உந்தி உந்தி ஓட விடுங்கள். சமநிலை தானாக வரும்.

எனக்கு மிகவும் பயமான இடம் ஆக்ஸிலேட்டர். பிள்ளை பயந்தால் பிடியை விடாது, இன்னும் இறுக்கும். வண்டி முன்னால் பாய, உடம்பு பின்னால் சாயும். உடம்போடு மணிக்கட்டும் பின்னால் போக, ஆக்ஸிலேட்டர் இன்னும் முறுகும். பார்ப்பவர்கள் "விடுடா, விடுடா" என்று கத்துவார்கள், அவன் காதில் விழாது. அதனால்தான் நல்ல வண்டிகளில் ஆக்ஸிலேட்டர் பிடிக்குப் பக்கத்தில் ஒரு திருகு வைத்திருப்பார்கள். அதை உள்ளே திருகினால் பிடி கால்வாசிக்கு மேல் முறுகாது. கூடவே, இழுத்தால் இன்ஜின் அணைகிற கயிறு ஒன்றும் வேண்டும். ஆரம்பத்தில் அது பிள்ளையின் கையில் வேண்டாம், பின்னால் ஓடுகிற உங்கள் கையில் இருக்கட்டும். இந்த இரண்டும் இல்லாத வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நான் வாங்க மாட்டேன்.

ஆன்லைனில் வருகிற மலிவான 49 சிசி குட்டி வண்டிகளை அப்படியே ஓட்டக் கொடுக்காதீர்கள். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் டூ ஸ்ட்ரோக் இன்ஜின் அது, நம் வயலில் மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயருக்கு உறவுக்காரன் மாதிரி. வந்ததும் போல்ட் நட்டெல்லாம் ஒருமுறை முடுக்குங்கள். பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஆக்ஸிலேட்டரைத் தொடாமலேயே சக்கரம் விறுவிறுவென்று சுற்றினால் ஐடிலிங், அதாவது இன்ஜின் சும்மா ஓடுகிற வேகம், கூடுதலாக இருக்கிறது என்று அர்த்தம். அந்த வண்டி பிள்ளை ஏறி உட்காரும் முன்பே கிளம்பிவிடும். மெக்கானிக்கிடம் சொன்னால் இரண்டு நிமிஷ வேலை. செயினுக்கு மூடி இருக்கிறதா, சைலன்சர் காலில் படாதபடி தடுப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆயில் கலக்கும் விகிதம் வண்டியோடு வரும் புத்தகத்தில் இருக்கும். 25-க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி டூ-டி ஆயில். வெறும் பெட்ரோல் ஊற்றினால் பிஸ்டன் சீஸ் ஆகும், அதாவது இறுகி நின்றுவிடும்.

பேட்டரி வண்டி இந்தத் தொல்லை எதுவும் இல்லாதது. வேகத்தைக் குறைத்துப் பூட்டி வைக்கலாம், சைலன்சர் சூடும் இல்லை. சின்ன வயதுக்கு அதுதான் என் ஓட்டு. ஒரு குறை, சத்தமே இல்லாமல் போய்விடும். நீங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளை எங்கே போனது என்று தெரியாது.

சரி, எங்கே ஓட்டுவது? வண்டி வாங்கிய பிறகு இதை யோசிப்பவர்கள்தான் அதிகம். தை அறுவடை முடிந்ததும் வயல் சும்மாதானே கிடக்கிறது என்று தோன்றும். சும்மா இல்லை. அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே உளுந்தோ பயறோ தெளித்திருப்பார்கள், தாளுக்கு நடுவே அது முளைத்துக்கொண்டிருக்கும். பக்கத்து வயல்காரர் சும்மா விடுவாரா? அறுவடை மெஷின் போன தடம் காய்ந்தால் கல் மாதிரி நிற்கும், சின்னச் சக்கரம் அதில் மாட்டிக்கொள்ளும். சிமெண்ட் களம் நல்ல இடம்தான், நெல் சிதறிக் கிடக்காத நாளில். மணி மேல் சக்கரம் ஏறினால் வழுக்கும். ஆற்றங்கரை, வாய்க்கால் கரை வேண்டவே வேண்டாம். ஜூனில் மேட்டூர் திறந்த பிறகு எந்த வாய்க்காலில் எப்போது தண்ணீர் ஓடும் என்று பிள்ளைக்குத் தெரியாது. 2018 கஜாவில் மரம் விழுந்து, மறுபடி நடாமல் விட்ட தோப்புத் திடல் யாரிடமாவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். மட்டையைப் பொறுக்கிவிட்டு, பழைய குழிகளை மூடிவிட்டால் போதும்.

கரையும் தெருவும் வேண்டாம் என்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். இரண்டு சக்கர வண்டியின் இன்ஜின் 25 சிசிக்கு மேல் போனால் அது மோட்டார் வாகனம்தான், பொம்மை என்று சொல்லித் தப்ப முடியாது. பொது இடத்தில் சிறுவர் ஓட்டிப் பிடிபட்டால், 2019 திருத்தத்தின்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும் உண்டு. மக்கள் உரிமையோடு வந்துபோகிற எந்த இடமும் பொது இடம்தான்.

ஹெல்மெட்டுக்கு வண்டிப் பணத்திலேயே முதலில் ஒதுக்கிவிடுங்கள். அப்பாவின் ஹெல்மெட்டைத் துண்டு சுற்றி மாட்டிவிடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பட்டை மாட்டிய பிறகு பின்பக்கத்திலிருந்து முன்னால் தள்ளிப் பாருங்கள், கழன்று வந்தால் அந்த அளவு சரியில்லை. கணுக்காலை மூடும் ஷூ, முழங்கால் காப்பு, முழுக் கால்சட்டை. பெண் பிள்ளையானால் பின்னலைச் சட்டைக்குள் விட்டுவிடுங்கள், துப்பட்டா வேண்டாம்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் மூன்று மாதம் வண்டி நிற்கும், களிமண்ணில் ஓட்டவும் முடியாது. நிறுத்துவதற்கு முன் டேங்கிலிருக்கும் பெட்ரோலை வடித்துவிட்டு, இன்ஜின் தானாக அணையும்வரை ஓட விடுங்கள். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலப்பு இருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். மச்சான் இதைச் செய்யவில்லை. சாக்கை விலக்கியபோது பையனுக்குக் கால் ஓரளவு எட்டியது, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. கார்புரேட்டருக்குள் பிசின் மாதிரி ஏதோ உறைந்திருந்தது.