காட்டு நெல்லோடு பயிர் நெல்லை ஒட்டுக் கலப்பது எப்படி?

முதலில் எந்தக் காட்டு நெல் என்று முடிவு செய்யுங்கள். நைவாரா, ரூஃபிபோகான், லாங்கிஸ்டாமினேட்டா ஆகியவை பயிர் நெல்லைப் போலவே 24 குரோமோசோம்கள் கொண்ட ஏஏ மரபணுத்தொகுதி (அதே வகைக் குரோமோசோம் தொகுப்பு) இனங்கள். பொதுவாகக் கலப்பு எளிதில் பிடிக்கும். புல் குட்டை என்ற வைரஸ் நோயைத் தாங்கும் ஐஆர் 36 ரகத்துக்கு அந்தக் குணம் நைவாராவிலிருந்துதான் வந்தது. அஃபிசினாலிஸ் போன்ற தூரத்து உறவுகளில் புகையான் (சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி) எதிர்ப்பு உண்டு. ஆனால் புதிதாகத் தொடங்குபவர் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இரண்டும் ஒரே சமயத்தில் பூக்க வேண்டும். பயிர் நெல்லை 10 நாள் இடைவெளியில் மூன்று முறை விதையுங்கள். குறும்பகல் தேவைப்படும் காட்டு நெல்லை, தினமும் 10 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் படாமல் மூடி வைத்தால் பூக்கவைக்கலாம்.

பயிர் நெல்லே தாயாக இருக்கட்டும். இலை உறையிலிருந்து பாதிக்கு மேல் வெளிவந்த கதிரைப் பிற்பகல் 3 மணிக்குப் பின் எடுத்துக்கொள்ளுங்கள். நுனியில் ஏற்கெனவே மலர்ந்த பூக்களையும் அடியில் உள்ள இளம் பூக்களையும் கத்தரித்துவிட்டு, நடுவில் 40, 50 பூக்களை மட்டும் விடுங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மகரந்தப்பை உமியின் பாதி உயரத்தில் தெரியும். அதுதான் சரியான பருவம். உமியின் மேல் மூன்றில் ஒரு பங்கைச் சாய்வாக வெட்டி, கூர்முனை இடுக்கியால் ஆறு மகரந்தப்பைகளையும் எடுங்கள். ஐந்தை எடுத்து ஒன்றை விட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கிற தவறு. இடுக்கி முனையில் மஞ்சள் பொடி ஒட்டினால் பை வெடித்துவிட்டது, அந்தப் பூவை நீக்கிவிடுங்கள். இறகு போன்ற சூல்முடியில் கீறல் விழுந்தாலும் மணி பிடிக்காது. முடிந்ததும் பட்டர் பேப்பர் உறை மாட்டுங்கள்.

மறுநாள் காலை 9 முதல் 11 மணிக்குள், காட்டு நெல்லில் மகரந்தப்பைகள் வெளியே தொங்கும்போது அந்தக் கதிரைத் தாய்க்கதிரின் மேல் தட்டி உதறுங்கள். நெல் மகரந்தம் சில நிமிடங்களே உயிரோடு இருக்கும், ஆகவே சேகரித்து வைத்துப் பிறகு தூவலாம் என்று நினைக்காதீர்கள். மீண்டும் உறையிட்டு, தேதியும் பெற்றோர் பெயரும் எழுதிய அட்டையைக் கட்டுங்கள். அதற்கடுத்த நாள் மறுபடி தூவினால் நல்லது.

நான்கைந்து நாளில் சூலகம் பச்சையாகப் பருத்தால் கலப்பு பிடித்திருக்கிறது. உமி வெட்டுப்பட்டதால் மணி அரைநிர்வாணமாகத்தான் வளரும். மழை பட்டால் பூஞ்சை பிடிக்கும். 25 நாளில் அறுத்து உலர்த்துங்கள். விதை உறக்கம் கலைய 50 டிகிரி செல்சியஸில் ஐந்து நாள் வைத்து, ஈரத்தாளில் முளைக்கவிடுங்கள். (தூரத்து இனமென்றால் கருவுக்கு உணவூட்டும் முளைசூழ்தசை வளராமல் கரு இறந்துவிடும், சுமார் 10 முதல் 14 நாளில் கருவைப் பிரித்து ஆய்வகத்தில் ஊட்ட ஊடகத்தில் வளர்க்க வேண்டியிருக்கும்.)

முளைத்ததெல்லாம் கலப்பு அல்ல. படர்ந்த தூர்கள், மணி நுனியில் முள் போன்ற நீண்ட சுங்கு, உதிரும் மணி போன்ற தகப்பன் குணங்கள் தெரியும் செடிகளை வைத்துக்கொள்ளுங்கள். அச்சு அசலாகத் தாயைப் போல இருப்பது பெரும்பாலும் தன்மகரந்தத்தில் வந்தது.

கலப்புச் செடியில் மகரந்தம் பெருமளவு மலடாக இருக்கலாம். அதனால் அதையே தாயாக்கி, பயிர் நெல் மகரந்தத்தைத் தூவிப் பிற்கலப்பு செய்யுங்கள். மூன்றாம் பிற்கலப்பில் காட்டு நெல்லின் பங்கு சராசரியாக 6.25 சதவீதமாகக் குறையும். ஒவ்வொரு தலைமுறையிலும் நோயையோ பூச்சியையோ வேண்டுமென்றே ஏற்றித் தாங்கும் செடியைப் பொறுக்குங்கள். எதிர்ப்புக் குணம் ஒடுங்கிய வகையாக (தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படுவதாக) இருந்தால் பிற்கலப்புச் செடியில் அது வெளியே தெரியாது. ஒரு தலைமுறை தன்மகரந்தத்தில் விட்டு, அந்த நாற்றுகளில் சோதியுங்கள்.