பிசென் கலத்தில் குடும்பத்தின் கையை அடையாளம் காண்பது எப்படி

ஜப்பானின் ஒகயாமா மாநிலத்து இம்பே ஊரில், பளபளப்புப் பூச்சு எதுவும் இல்லாமல் சுடப்படும் பிசென் மட்கலம் ஒன்று உங்கள் கைக்கு வந்தால், முதலில் அதைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். அங்கே பொறித்திருக்கும் சிறு குறியை வைத்து மட்டும் முடிவு கட்டிவிட வேண்டாம். 50 மீட்டருக்கும் மேல் நீண்ட பெருஞ்சூளையைப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொண்ட காலத்தில், தத்தம் கலங்களைப் பிரித்தெடுப்பதற்காக இட்ட அடையாளம் அது. கையொப்பம் என்ற பெருமையெல்லாம் பின்னால் வந்து சேர்ந்தது.

குறியைவிட அதிகம் சொல்வது, அதைச் சுற்றியுள்ள மண். நெல்வயலுக்கு அடியிலிருந்து தோண்டப்படும் 'ஹியோசே' என்னும் அந்தக் களிமண்ணில் இரும்புச் சத்து மிகுதி. சூட்டில் வெகுவாகச் சுருங்குவதால், அவசரப்பட்டால் கலம் விரிசல் விட்டுவிடும். ஆகவேதான் செம்பைன் விறகை இட்டு, பத்து நாளுக்கும் மேலாகச் சூளையை மெல்ல எரிக்கிறார்கள். எந்த வயலின் மண், எதனுடன் எவ்வளவு கலப்பது, எத்தனை ஆண்டு பதப்படுத்துவது என்பவை வீட்டுக்கு வீடு மாறும். தந்தை சேர்த்து வைத்த மண்ணில் மகன் வனைவதும் உண்டு. எனவே ஒரே வீட்டின் இரு தலைமுறைக் கலங்கள் கிடைத்தால், அவற்றின் அடிப்பாகங்களை அருகருகே வைத்து நிறத்தையும் மணல் துகள்களையும் ஒப்பிடுங்கள்.

பிறகு தீயின் தடயங்களைத் தேடுங்கள். தோளில் எள் தூவியது போல உருகிப் படிந்த சாம்பல் 'கோமா'. சுற்றிய வைக்கோல் விட்டுச்சென்ற செங்கோடுகள் 'ஹிதாசுகி'. இவை தற்செயலாகத் தோன்றினாலும், எந்தக் கலத்தைச் சூளையில் எங்கே வைப்பது என்ற வீட்டறிவே பெரும்பாலும் இவற்றைத் தீர்மானிக்கிறது.

வடிவத்தை மட்டும் கடைசியாக, சற்றுச் சந்தேகத்தோடு பாருங்கள். இம்பேயின் பழைய ஆறு குயவர் குடும்பங்களில் ஒன்றில் பிறந்த கனெஷிகே தோயோ (1896–1967), தந்தையைப் போலவே நுணுக்கமான சிற்பங்களில் தொடங்கி, பின்னர் மொமோயாமா காலத்து (16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி) தேநீர்க் கலங்களின் மண்ணையும் சுடும் முறையையும் மீட்டெடுப்பதில் இறங்கினார். 1956இல், கைவினை வல்லுநர்களுக்கு ஜப்பான் அரசு அளிக்கும் 'வாழும் தேசியச் செல்வம்' என்ற தகுதியும் பெற்றார். வடிவ ஒற்றுமையை மட்டும் தேடுபவர், தந்தையும் மகனும் ஒரே வீட்டார் என்பதையே கண்டுகொள்ள மாட்டார். மற்றொரு பிசென் குயவரான ஃபுஜிவாரா கெய்யோ அந்த ஆறு குடும்பங்களைச் சேர்ந்தவரே அல்லர். நாற்பது வயதை நெருங்கும்போதுதான் மண்ணைத் தொட்டார். அவருக்கு 1970இலும் அவர் மகன் யூவுக்கு 1996இலும் அதே தகுதி கிடைத்தது. ஆகவே கலத்தை வாங்கும்போது குயவரின் குடும்பப் பெயரோடு நின்றுவிடாமல், அவர் யாருடைய மண்ணிலும் யாருடைய சூளையிலும் தொழில் பழகினார் என்றும் விற்பவரிடம் கேளுங்கள்.