ஐடி வேலையை வெளியே கொடுங்கள், சாவியைக் கொடுத்துவிடாதீர்கள்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனம். ஒரு திங்கட்கிழமை காலையிலிருந்து வெளிநாட்டிலிருந்து ஒரு மின்னஞ்சலும் வரவில்லை. பார்த்தால், இணையதளத்துக்கும் மின்னஞ்சலுக்குமான முகவரிப் பெயர், அதாவது டொமைன், காலாவதியாகியிருந்தது. ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்ச் சொச்சம் கட்ட வேண்டிய விஷயம். ஆனால் இணையதளம் செய்து கொடுத்த இளைஞர் அதைத் தன் பெயரிலேயே பதிந்திருந்தார். நினைவூட்டல்கள் எல்லாம் அவருக்கே போயிருக்கின்றன. அவரோ தொழிலை விட்டுவிட்டு ஊர் மாறிப் போய்விட்டார். கணக்குப் பார்க்கும் அம்மா பழைய ரசீதுக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு அவருடைய கைப்பேசி எண்ணைத் தேடிக்கொண்டிருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

வெளியாளிடம் வேலையைக் கொடுப்பது தவறே இல்லை. சிறு நிறுவனத்துக்கு அதுதான் கட்டுபடியாகும். ஆனால் டொமைன், கிளவுட் (இணையம் வழியே வாடகைக்கு எடுக்கும் கணினி) கணக்கு, கணக்கு எழுதும் டாலி மென்பொருளின் உரிமம் மூன்றும் நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும். கணக்கை மீட்பதற்குக் கொடுக்கும் மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கவே கூடாது. டொமைன் போனால் அந்த மின்னஞ்சல் பெட்டியும் சேர்ந்து போய்விடும்.

அடுத்தது, என்னை மிகவும் வருத்தும் தவறு. காசு கொடுத்து எழுதி வாங்கிய மென்பொருள் தமக்கே சொந்தம் என்று முதலாளிகள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உங்கள் ஊழியர் தம் பணியின் பகுதியாக எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அது உங்களுடையது. வெளியாள் எழுதினால் எழுதியவருக்கே முதல் உரிமை. பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு உள்ள விதிவிலக்கு மென்பொருளுக்குக் கிடையாது. உரிமை மாற்றத்தை எழுத்தில், கையெழுத்துடன் வாங்க வேண்டும். பணம் கட்டிய ரசீது போதாது. அதிலும், காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள்தான். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். ஏற்றுமதி செய்பவர் இந்த இரண்டு வரிகளை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மென்பொருளை எழுதிய மூல நிரலையும் (சோர்ஸ் கோட்) கடைசித் தவணைவரை காத்திருக்காமல் மாதாமாதம் கேட்டு வாங்கி, உங்கள் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளவுட் பில்லை யாரும் வரிவரியாகப் படிப்பதில்லை. அமேசானின் கிளவுட்டில் சர்வரை நிறுத்திவிட்டாலும், அதோடு இணைந்த, தரவைச் சேமிக்கும் வட்டுக்கான வாடகை ஓடிக்கொண்டேதான் இருக்கும். 2024 பிப்ரவரி முதல் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் (இணையத்தில் சர்வரை அடையாளம் காட்டும் எண்), பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும், மணிக்கு 0.005 டாலர் கட்டணம். மாதம் மூன்றரை டாலருக்குச் சற்று மேல். சோதனைக்கென்று எடுத்து மறந்துபோன பத்து முகவரிகள் இருந்தால் கணக்கு வேறு. பில்லில் கழிவு பெறும் இடைத்தரகர் இதைத் தானாக முன்வந்து குறைத்துத் தருவார் என்று எதிர்பார்க்காதீர்கள். மாதம் ஒரு மணி நேரம் நீங்களே உட்காருங்கள்.

மிகக் குறைந்த கொட்டேஷனைப் பார்த்து மயங்குபவர்கள், பின்னால் வரும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்ன விலை என்று முதலிலேயே கேட்பதில்லை. இன்னொரு பக்கம், எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிட்டு, விஷயம் தெரிந்த ஒருவரைக்கூட உள்ளே வைத்துக்கொள்ளாதவர்கள். அமெரிக்கக் கார் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஐடி வேலையில் ஏறக்குறைய 90 சதவீதத்தை வெளியே கொடுத்திருந்தது. 2012இல் அந்த விகிதத்தையே தலைகீழாக மாற்றுவதென்று முடிவெடுத்தது. அவ்வளவு பெரிய நிறுவனமே திரும்பி வந்த பாதை அது. நமக்கு ஒரே ஓர் ஆள் போதும். ஆனால் அவர் நம் சம்பளப் பட்டியலில் இருக்க வேண்டும்.

பேக்கப் எடுக்கிறார்கள், அதைத் திரும்ப ஏற்றிப் பார்ப்பதில்லை. இதைப் பற்றி இவ்வளவுதான் சொல்ல முடியும்.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் பொறுப்பை வெளியே கொடுக்கவே முடியாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் கையாள்வது வெளி நிறுவனமாக இருந்தாலும் உங்களையே பொறுப்பாளியாக்குகிறது; போதிய பாதுகாப்பு இல்லையென்றால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். இணையத் தாக்குதல் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது 2022ஆம் ஆண்டு உத்தரவு. ஆகவே, ஞாயிற்றுக்கிழமை இரவு ஏதாவது நடந்தால் ஒப்பந்ததாரர் எந்த எண்ணுக்கு, எவ்வளவு நேரத்துக்குள் அழைக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அந்த எண்ணை இரவிலும் எடுப்பவர் யார் என்பதையும் இன்றே முடிவு செய்யுங்கள்.