ஃபியூசியா தொட்டிக்குக் கிழக்குச் சுவர்

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் ஃபியூசியா பூச்செடி வளர்க்கிறீர்களா? தொட்டியைக் கிழக்குச் சுவரோரம் வையுங்கள். காலை பத்து மணி வரை வெயில், அப்புறம் நிழல். தென் அமெரிக்காவின் குளிர்ந்த மலைக்காடுகளைச் சேர்ந்த செடி இது. வெளிச்சம் வேண்டும், சூடு ஆகாது. தொட்டி மண் சூடேறினால் மொட்டு விரியாமலே உதிர்ந்துவிடும்.

ஏப்ரல், மே மாதங்களில் கூரை நிழலுக்குள் இரண்டடி தள்ளி வைத்தால் போதும். மேகம் கவிந்த மழை மாதங்களில் திறந்த பக்கத்துக்கு நகர்த்துங்கள், இல்லாவிட்டால் தண்டு ஒல்லியாக நீளும், பூ குறையும். டிசம்பர், ஜனவரியில் பகல் வெயில் நல்லதுதான். இரவில் உறைபனி படாமல் கூரைக்கடியில் இருக்கட்டும்.

மதியம் இலை தொங்கினால் உடனே தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள் (பலரும் செடியைக் கொல்வது இப்படித்தான்). மண்ணில் விரல் விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் அது பெரும்பாலும் தாகமில்லை, சூடு. நிழலுக்கு நகர்த்தினால் சாயங்காலம் நிமிர்ந்துவிடும்.

சென்னை, மதுரைக்காரர்களுக்கு இது உதவாது. அங்கே கோடையில் நிழலும் சூடுதான், இரவும் தணியாது.